பிளக்குக்குக் கரண்ட் வரல: ஒரு பழைய அம்பாசடரும் 250 வருஷத் தீப்பொறியும்

ஸ்ரீரங்கத்தில் என் மாமா வீட்டு ஷெட்டில் ஒரு அம்பாசடர் நிற்கிறது. 1978ல் வாங்கியது. மாமா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த ரெண்டு வருஷமும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. போன மாசம் பழைய இரும்பு வியாபாரி ஒருத்தர் வந்து பார்த்து விலையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தை எனக்கு போன் பண்ணிச் சொன்னது இதுதான்: "ஸ்டார்ட் ஆனா வெச்சுக்கறேன். ஆகலைன்னா குடுத்துடறேன். நீ வந்து பாத்து ஒரு முடிவு சொல்லு."

நான் படித்தது வரலாறு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். புது பேட்டரி போட்டேன். செல்ஃப் நன்றாகவே சுற்றியது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். இன்னொருத்தர் எஞ்சினையே இறக்கணும் என்றார். நானே ஆன்லைனில் பாயிண்ட், கண்டென்சர் செட் ஒன்று வாங்கி மாட்டினேன். அப்பவும் ஆகலை.

கடைசியாக ஒரு பாய் வந்தார். எழுபது தாண்டியவர், பாலக்கரையில் முன்பு ஷெட் வைத்திருந்தவர். கையில் ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பாயிண்ட் கேஜ், ஒரு துண்டு உப்புத்தாள். ரெண்டரை மணி நேரம் வேலை பார்த்தார். அவர் எந்த வரிசையில் எதைத் தொட்டார் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று புரிந்தது. இக்னிஷனில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் என்றோ யாரோ ஒருத்தரைப் படுத்தி எடுத்த ஒரு கோளாறுக்குப் பதிலாக வந்தது. அந்தப் பாகம் கெட்டால், அது தீர்த்துவைத்த பழைய கோளாறு அப்படியே திரும்பி வரும்.

செல்ஃப்: 1912

பாய் முதலில் பார்த்தது செல்ஃப் சுற்றும் வேகத்தை. "எஞ்சின் சுத்துதுல்ல தம்பி, அப்ப பேட்டரியும் செல்ஃபும் குத்தமில்ல. பெட்ரோல், கரண்ட், ரெண்டுல ஒண்ணு."

இந்த முதல் கேள்வியே 1912க்கு முன்னால் கிடையாது. அதுவரை காரைக் கையால்தான் கிராங்க் பண்ண வேண்டும். தீப்பொறி கொஞ்சம் முந்தி விழுந்தால் கிராங்க் கம்பி திருப்பி அடிக்கும், மணிக்கட்டு உடையும். மாமாவிடமும் ஒரு கிராங்க் கம்பி இருந்தது. கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே, மற்ற விரல்களோடு சேர்த்தே வை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்து டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் இருந்தார். கடைகளில் பணம் வாங்கிப் போடும் கேஷ் ரிஜிஸ்டருக்கு மின் மோட்டார் வைத்தவர் அவர். சில விநாடி மட்டுமே ஓடும் மோட்டாரை அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம், கருகாது என்பது அவர் அதில் கண்ட பாடம். அதே யோசனையைக் காருக்குக் கொண்டுவந்தார். 1912 மாடல் காடிலாக்கில் செல்ஃப் வந்தது. அதோடு பேட்டரியும், அதை ஓடும்போதே சார்ஜ் பண்ணும் ஜெனரேட்டரும் காரின் நிரந்தர உறுப்புகள் ஆயின. இன்றைக்கும் பேட்டரி டவுன் ஆனால் நாம் 1912க்கு முன்னால் போய் நிற்கிறோம்: கிராங்க் பண்ணு, இல்லைன்னா ஆள் கூப்பிட்டுத் தள்ளு.

தீப்பொறி: 1777, 1860

அடுத்து கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். மெக்கானிக்குகள் கரண்ட் என்று சொல்வது தீப்பொறியைத்தான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் சொருகியிருக்கும் தடித்த வயரைப் பிடுங்கி, அதன் முனையை எஞ்சின் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி வைத்து, என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். அங்கே ஒரு பொறி குதிக்கணும். ஒன்றும் குதிக்கவில்லை. "கரண்ட் இல்ல. கார்பரேட்டரைக் கழுவி என்ன பிரயோசனம்?"

மூடிய பாத்திரத்துக்குள் வாயுவை மின்பொறியால் வெடிக்க வைக்கலாம் என்று காட்டியவர் இத்தாலியின் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா. 1776ல் மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றிலிருந்து மீத்தேனைப் பிடித்தவர், அடுத்த வருஷமே அதைக் காற்றோடு கலந்து, உள்ளே பொறி விட்டு, அடைப்பைத் தெறிக்க வைத்தார். 'மின் துப்பாக்கி' என்று பெயர். 1807ல் ஸ்விட்சர்லாந்தின் ரிவாஸ் அதே பொறியை வைத்து ஹைட்ரஜன் எஞ்சினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1860ல் பாரீஸில் எத்தியென் லெனுவார் செய்த வாயு எஞ்சினிலும் மின்பொறிதான்.

ஆனால் பொறியை நம்பி ஓட்ட முடியவில்லை. ஒரு தடவை வரும், ஒரு தடவை வராது. அதனால்தான் 1876ல் நிக்கோலஸ் ஆட்டோ தன்னுடைய நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மின்பொறியை விட்டுவிட்டு எரியும் சுடரை வைத்தார். டெய்ம்லர் ஒரு சின்னக் குழாயை வெளியிலிருந்து பர்னரால் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டில் பற்ற வைத்தார். பெட்ரோல் வண்டியில் எரியும் பர்னர்! ஸ்டார்ட் ஆகாத கோளாறு எவ்வளவு படுத்தியிருந்தால் இதற்குத் துணிந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

காயில்: 1836

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்ட பதினைந்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் தேவைப்படலாம். நடுவில் இருக்கும் மந்திரவாதி காயில். உள்ளே ஒரே இரும்புத் தண்டின் மேல் ரெண்டு சுற்று: தடித்த கம்பியில் சில நூறு சுற்று, முடி போன்ற கம்பியில் பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் ஓடும் கரண்டைச் சட்டென்று நிறுத்தினால், மெல்லிய கம்பியில் பெரிய வோல்டேஜ் எழும். ஓடுகிற பஸ்ஸில் சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் போய் விழுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. மெதுவாக நிறுத்தினால் யாரும் விழமாட்டார்கள். இந்த 'சட்டென்று' என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் நம் வண்டியின் கதையே அதில்தான் இருக்கிறது.

1831ல் மைக்கேல் ஃபாரடே மின்தூண்டலைக் கண்டுபிடித்தார். 1836ல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாடம் நடத்திய பாதிரியார் நிக்கோலஸ் காலன் இப்படி ரெண்டு சுற்றுக் காயிலைச் செய்தார். பிறகு பாரீஸில் கருவிகள் செய்துவந்த ரூம்கோர்ஃப் அதை மேம்படுத்தி விற்றார். இதற்காக 1864ல் மூன்றாம் நெப்போலியன் ஏற்படுத்திய 50,000 பிராங்க் பரிசு அவருக்குக் கிடைத்தது. லெனுவார் எஞ்சினில் இருந்தது ரூம்கோர்ஃப் காயில்தான்.

பாய் இக்னிஷனை ஆன் பண்ணி, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பாடியிலும் மறுமுனையைக் காயிலின் ஸ்விட்ச் பக்கத்து டெர்மினலிலும் வைத்தார். எரிந்தது. அதாவது பேட்டரியிலிருந்து காயில் வரைக்கும் வழி சரி. பிறகு முனையை மாற்றி, பாயிண்ட் பக்கத்து டெர்மினலில் வைத்தார். எஞ்சினைச் சுற்றும்போது இங்கே லேம்ப் விட்டு விட்டு எரியணும். பாயிண்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும். எங்களுக்கு அணையவே இல்லை.

"பாயிண்ட் மூடுது, ஆனா ஒட்டல" என்றார்.

பாயிண்ட்: 1886 முதல் 1910 வரை

காயிலில் கரண்டை நிறுத்துவது யார்? ஆரம்ப காலத்தில் மின்மணி அடிப்பது மாதிரி தானே துடிக்கும் ஒரு இரும்புத் தகடு. 1886 ஜனவரி 29ல் கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் இதுதான் இருந்தது. தன்னுடைய சிக்கல்களிலேயே தலையாயது இக்னிஷன்தான் என்று பென்ஸ் கருதினார். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமலே ரெண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திவிட்டார், உரசிப்போன இக்னிஷன் வயரைக் காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். பெட்ரோலா, கரண்டா என்ற பாயின் கேள்வியை உலகின் முதல் நெடும்பயணத்திலேயே ஒரு பெண் கேட்டு, பதிலும் கண்டுபிடித்திருக்கிறார்.

துடிக்கும் காயில் நீண்ட காலம் இருந்தது. 1908ல் வந்த ஃபோர்டின் மாடல் டி வண்டியில் நாலு சிலிண்டருக்கும் நாலு மரப்பெட்டிக் காயில்கள் வண்டு மாதிரி ரீங்காரம் போடும். இதில் ஒரு தடவைக்கு ஒரு பொறி என்றில்லாமல் பொறிமழை கொட்டும். கரண்ட் வீணாகும், நேரமும் துல்லியமாக இருக்காது. கெட்டரிங் செல்ஃபுக்கு முன்பே இதைத்தான் சரிசெய்தார். 1910 மாடல் காடிலாக்குக்காக அவர் செய்த அமைப்பில், எஞ்சின் கேட்கும் நேரத்தில் ஒரே ஒரு பொறி. அந்த வழியில் வளர்ந்ததுதான் கேம் சுற்றச் சுற்றத் திறந்து மூடும் பாயிண்ட். 3000 சுற்றில் ஓடும் நாலு சிலிண்டர் எஞ்சினில் பாயிண்ட் நிமிஷத்துக்கு 6000 தடவை, விநாடிக்கு 100 தடவை திறந்து மூடும். இடைவெளி 0.015 அங்குலம். கேஜ் இல்லாத ஊரில் விசிட்டிங் கார்டைச் சொருகிப் பார்ப்பார்கள்.

என் புது பாயிண்டில் என்ன குறை? துருப் பிடிக்காமல் இருக்க அதன் முகத்தில் ஒரு எண்ணெய்ப் படலம் தடவி அனுப்பியிருந்தார்கள். நான் துடைக்காமல் மாட்டிவிட்டேன். பாய் உப்புத்தாளை மடித்து ரெண்டு இழுப்பு இழுத்து, பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தார். லேம்ப் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. மறுபடி தடித்த வயரைப் பிடித்துப் பார்த்தார். பொறி வந்தது. எனக்கு சந்தோஷம். அவர் முகம் மாறவில்லை.

"இது மஞ்சப் பொறி தம்பி. நீலமா, சட்டு சட்டுனு சத்தத்தோட வரணும்."

கண்டென்சர்: 1853

பாயிண்ட் திறக்கும்போது காயிலில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் உடனே நிற்க விரும்பாது. திறக்கிற பாயிண்டின் நடுவிலேயே பொறியாகத் தாவி ஓடப் பார்க்கும். அப்படி ஓடினால் ரெண்டு நஷ்டம்: பாயிண்ட் கருகும், கரண்ட் சட்டென்று நிற்காமல் மெதுவாக நிற்கும். பஸ் மெதுவாக நின்றால் யாரும் விழமாட்டார்கள் என்று சொன்னேனே, அதுதான். பிளக்குக்குப் போகவேண்டிய பொறி நோஞ்சானாகிவிடும்.

இந்தக் கோளாறுக்கு மருந்து சொன்னவர் கார்க்காரரே இல்லை. ஒளியின் வேகத்தை அளந்தவராக நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிற பிரெஞ்சு விஞ்ஞானி ஹிப்போலிட் ஃபிஸோ. 1853ல் அவர் காயிலின் துண்டிப்பானுக்குக் குறுக்கே ஒரு மின்தேக்கியை இணைக்கச் சொன்னார். பாயிண்ட் திறக்கும் அந்தக் கண நேரத்துக்குக் கரண்ட் உள்ளே போய் ஒதுங்க ஒரு திண்ணை. அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுண்டுவிரல் அளவில் இருக்கும் கண்டென்சர் அந்தத் திண்ணைதான். பென்ஸ் காருக்கு 33 வருஷம் முந்தியது!

பாய் மூடியைக் கழற்றி, பாயிண்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து திறந்து காட்டினார். பாயிண்டின் நடுவில் பளிச் பளிச்சென்று வெளிச்சம். "கண்டென்சர் செத்துக் கெடக்கு."

"புதுசு பாய். பத்து நாள்கூட ஆகலை."

"புதுசுன்னா நல்லதுன்னு யார் சொன்னா? பழைய சாமான் எங்க?"

பழைய கண்டென்சரைத் தூக்கிப் போடவில்லை, ஷெட் ஜன்னலில் வைத்திருந்தேன். அதை மாட்டினார். வயர் முனையில் நீலப் பொறி சட்டென்று அடித்தது. ரெண்டு வருஷம் நின்றதில் பழைய பாயிண்டின் முகம் பூத்துப்போனதுதான் ஆதி கோளாறு. கண்டென்சரில் எந்தக் குறையும் இல்லை. ஒரு கோளாறைத் தீர்க்கப் போய் நான் ரெண்டு புதுக் கோளாறுகளை மாட்டியிருக்கிறேன்.

பிளக்: 1902

காயில் தனியாக, டிஸ்ட்ரிபியூட்டர் தனியாக இருக்கும் இந்த அமைப்புக்கு ஒரு பெரிய போட்டியாளர் இருந்தார். பேட்டரியே வேண்டாம், எஞ்சின் சுற்றும்போது காந்தத்தால் தானே கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டோ. 1886ல் ஸ்டுட்கார்ட்டில் பட்டறை தொடங்கிய ராபர்ட் பாஷ் அதில் பெயர் பெற்றார். 1902ல் அவருடைய பொறியாளர் காட்லோப் ஹோனால்ட், உயர் வோல்டேஜ் மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் கொண்டுவந்தார். சிலிண்டருக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லாமல், ஒரு பீங்கானும் ரெண்டு முனையும் மட்டும் போதும் என்றானது. 1914ல் போர் வந்ததும் பிரிட்டன் திடுக்கிட்டது. தன் லாரிகளுக்கும் விமானங்களுக்கும் வேண்டிய மேக்னெட்டோ பெரும்பாலும் எதிரி நாட்டு ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது! தீப்பொறி அங்கே நாட்டுப் பாதுகாப்பு விவகாரம் ஆகி, சொந்தமாகச் செய்யக் கற்றார்கள்.

இந்த ரெண்டு மரபும் சுதந்திரத்துக்குப் பிறகு நம் பக்கம் வந்து சேர்ந்தன. 1951ல் பெங்களூரில் பாஷின் கூட்டோடு மைக்கோ தொடங்கி, ஸ்பார்க் பிளக் செய்தது. 1961ல் பிரிட்டனின் லூகாஸும் டி.வி.எஸ்ஸும் சேர்ந்து லூகாஸ்-டி.வி.எஸ் ஆகி, சென்னை பாடியில் டிஸ்ட்ரிபியூட்டர், காயில், செல்ஃப் மோட்டார் எல்லாம் செய்தது. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு. உடல் பிரிட்டிஷ் வழி என்றாலும், பொறியில் பாடிக்கும் பெங்களூருக்கும் பங்கு உண்டு.

பாய் நாலு பிளக்கையும் கழற்றினார். நான் செல்ஃப் அடித்து அடித்து எல்லாம் பெட்ரோலில் நனைந்திருந்தன. துடைத்து, வெயிலில் காயவைத்து, இடைவெளியை 0.025 அங்குலத்துக்குத் தட்டி வைத்தார். மூடிக்குள் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். வயர்கள் 1-3-4-2 வரிசையில் இருக்கின்றனவா என்று விரலால் தொட்டு எண்ணினார். "இப்ப அடிங்க."

ரெண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கப் புகை. அத்தை வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் ஏன் போயிற்று?

பாயிண்ட் ஏன் ஒழிந்தது என்றும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் பழங்கதை ஆகிவிடும். கேம் உரச உரசப் பாயிண்டின் குதிகால் தேயும். இடைவெளி குறையும், பொறி தாமதமாகும், பெட்ரோல் சரியாக எரியாது. சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை யாராவது சரிபார்த்தாகணும், பலர் பார்க்கமாட்டார்கள். 1970ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியதும் இது பெரிய விஷயமானது. கிரைஸ்லர் தன் 1973 மாடல் கார்கள் எல்லாவற்றிலும் பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தது. நம்மூரில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களிலும் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. பிளக் ஒழுங்காக அடிக்காமல் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போனால் கன்வர்ட்டர் சூடேறிக் கெட்டுவிடும். தேயும் பாயிண்டுக்கு அங்கே இடமில்லை. அம்பாசடர் உற்பத்தியும் 2014ல் நின்றது.

ஆக, எலக்ட்ரானிக் இக்னிஷனும் ஒரு கோளாறுக்கு வந்த பதில்தான். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அது கெட்டால் லேம்ப் வைத்துப் பார்க்க முடியாது, பெட்டியை மாற்றத்தான் முடியும். பாயிண்ட் வண்டியில் கோளாறைத் தேட ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை இப்போது சில பெரியவர்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது.

அதனால் பாயின் வரிசையை இங்கே போட்டு வைக்கிறேன், பாயிண்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்:

1. செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றுகிறதா? இல்லையென்றால் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர்.
2. நடு வயரில் பொறி இருக்கிறதா? நீலமா, மஞ்சளா? நீலமென்றால் நேரே ஆறாவதுக்குப் போகலாம்.
3. காயிலின் ஸ்விட்ச் பக்கம் லேம்ப் எரிகிறதா? இல்லையென்றால் சாவி, வயர்.
4. பாயிண்ட் பக்கம் விட்டு விட்டு எரிகிறதா? அணையவே இல்லையென்றால் பாயிண்ட் ஒட்டவில்லை. எரியவே இல்லையென்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சரோ வயரோ எர்த் ஆகியிருக்கிறது, அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கிறது.
5. பொறி மஞ்சளாக இருந்து, பாயிண்டில் வெளிச்சம் அடித்தால் கண்டென்சர்.
6. நடு வயரில் நீலம், பிளக்கில் ஒன்றுமில்லை என்றால் ரோட்டர், மூடி, வயர்.
7. பிளக்கிலும் பொறி இருந்து பிடிக்கவில்லை என்றால் நனைந்த பிளக், வயர் வரிசை, டைமிங். அதற்கும் பிறகுதான் கார்பரேட்டர்.

வயரை நன்றாகக் காப்பிட்ட இடுக்கியால் பிடியுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் ஆனில் விடாதீர்கள், காயில் சூடேறும். எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் இந்தப் பொறி பார்க்கும் வேலையே வேண்டாம், அதன் வோல்டேஜ் இன்னும் அதிகம்.

முக்கியமாக, கழற்றின பழைய சாமானை வண்டி ஓடும் வரைக்கும் தூக்கிப் போடாதீர்கள்.

இரும்பு வியாபாரி மறுவாரம் வந்திருக்கிறார். அத்தை அவரிடம், வண்டி ஓடுது, கொடுக்கறதா இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடவை நான் போய் பத்து நிமிஷம் ஓடவிட்டு வருகிறேன். பாயிண்ட் செட் பண்ண பாயிடமே கற்றுக்கொண்டிருக்கிறேன். இடைவெளி இன்னும் சரியாக வரவில்லை.